பைக் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் வீட்டிலேயே மாற்றுவது எப்படி

பைக்கில் செயின் தேய்ந்துவிட்டால் செயினை மட்டும் மாற்றாதீர்கள். எஞ்சின் பக்கத்துச் சின்ன ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்), பின் சக்கரத்துப் பெரிய ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றுங்கள். செயினுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்தப் புது செயின் சீக்கிரமே தேய்ந்து, மறுபடியும் அதே செலவில் கொண்டுபோய் நிறுத்தும். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மிச்ச வேலையெல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் வரும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் பிட்டர். பகல் முழுக்கக் கன்வேயர் செயினோடுதான் பொழுது போகும். வீடு தண்டையார்பேட்டை. கடல் பக்கம் என்பதால் உப்புக் காற்று. மழை பெய்த மறுநாள் செயின் பிளேட்டின் ஓரத்தில் துரு பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கித்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். மெட்ரோவுக்குத் தோண்டிய சாலைகளின் புழுதி வேறு. உப்பு, தண்ணீர், புழுதி மூன்றும் செயினுக்கு ஆகாது. சென்னையில் மூன்றுக்கும் குறைவே இல்லை. எங்கள் குடும்பத்து வண்டிகளுக்கெல்லாம் செயின் கிட் மாற்றுவது நான்தான். சமீபத்தில் மாற்றியது அக்கா மகனின் 150 சிசி வண்டிக்கு. அவன் அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். நாள் முழுக்க நிறுத்துவதும் கிளப்புவதுமாக ஓடும் வண்டி. இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த வண்டியில் செய்ததுதான்.

தேய்ந்ததா என்று அளந்து பார்ப்பது

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் பின் என்கிற ஒரு சின்ன இரும்புக் குச்சி, அந்தப் பின்னைச் சுற்றிக் குழல் மாதிரி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் உருளும் ஒரு ரோலர். 1880-இல் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் மான்செஸ்டரில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. எங்கள் கன்வேயரிலும் உங்கள் பைக்கிலும் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் மடங்கும், இறங்கும்போது நிமிரும். ஒவ்வொரு தடவையும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் உரசும். ஒரு மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 120 கண்ணி உள்ள செயின் 12 மி.மீ. நீண்டுவிடும்.

இப்படி நீண்ட செயினின் இடைவெளி ஸ்ப்ராக்கெட் பல்லின் இடைவெளியோடு பொருந்தாது. ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் சரிவில் ஏறி நிற்கும். எல்லாப் பற்களும் பங்கிட்டுத் தாங்க வேண்டிய பாரம் ஓரிரண்டு பல்லின் மேல் விழும். கொஞ்ச நாளில் பல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி வளைந்துவிடும். வளைந்த பல்லில் புது செயினைப் போட்டால், புது ரோலர்கள் அந்த வளைவில் சிக்கிச் சிக்கித்தான் வெளியே வரும். பழைய ஸ்ப்ராக்கெட் புது செயினைக் கெடுக்கும், பழைய செயின் புது ஸ்ப்ராக்கெட்டைக் கெடுக்கும். மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதனால்தான்.

முன் ஸ்ப்ராக்கெட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கவருக்குள் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் முதலில் தேய்வதே அதுதான். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பல் ஒரு தடவை செயினைத் தொடுவதற்குள் முன்னால் ஒரு பல் மூன்று தடவை தொட்டிருக்கும்.

சரி, தேய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளந்துதான். 100 முதல் 160 சிசி வரை நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின். இந்த நம்பர் செயினின் பக்கத் தகட்டின் மேலேயே குத்தியிருக்கும். 428-இல் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். முதல் பின்னிலிருந்து இருபத்தோராவது பின் வரை 20 இடைவெளி, புது செயினில் 254 மி.மீ. இது 259-ஐத் தொட்டுவிட்டால் இரண்டு சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பெரிய வண்டிகளில் வரும் 520 செயினுக்கு அதே 20 இடைவெளி 317.5 மி.மீ.; இரண்டு சதவீதம் என்பது 324-க்குக் கொஞ்சம் கீழே. சில கம்பெனிகள் இதைவிடக் குறைந்த வரம்பே வைத்திருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது செயின் விறைப்பாக இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் அணைத்து, கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாக அழுத்திப் பிடித்தால் கீழ் வரிசை விறைக்கும். அங்கே ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, அதனால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அதிகம் வந்ததைக் கணக்கில் எடுங்கள்.

ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு அவசரச் சோதனை உண்டு. பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பின் விளிம்பில், அதாவது எஞ்சினுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னால் இழுங்கள். நல்ல செயின் அசைந்து கொடுக்காது. தேய்ந்த செயின் பல்லை விட்டு விலகி, பாதிப் பல் வெளியே தெரியும். அக்கா மகன் வண்டியில் இழுத்துக் காட்டியபோது பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் தெரு விளக்குக் கம்பம் தெரிந்தது. ஸ்கேலில் 260. "இன்னும் ஒரு மாசம் ஓடாதா மாமா?" என்றான். ஓடும்தான். ஓடும்போது அறுந்தால் செயின் சுருண்டு பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்; முன்னால் சிக்கினால் எஞ்சின் கேஸையே உடைக்கலாம். பைபாஸில் பின்னால் லாரி வரும்போது சக்கரம் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் அவனுக்கு விளக்கவில்லை, அவனுக்கே புரிந்தது.

கிட் வாங்குவது

மூன்றும் சேர்ந்து ஒரே பெட்டியில் வருவதைத்தான் கடையில் செயின் கிட் என்பார்கள். உங்கள் வண்டியின் மாடலோடு ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் பல் எண்ணிக்கையும் கண்ணி எண்ணிக்கையும் மாறியிருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லா வண்டிக்கும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். 150 சிசி வண்டிக்கு ஏறக்குறைய ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும். புதுப்பேட்டையில் பழைய உதிரி எதுவும் கிடைக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட் வாங்கலாம். பழைய ஸ்ப்ராக்கெட் மட்டும் வேண்டாம்.

செயின் தயாரிப்பில் நாட்டிலேயே பெரிய பெயர்கள் இரண்டும் நம்மூர்க்காரர்கள்தான். டைமண்ட் செயின் அம்பத்தூர் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடையது. ரோலான் கோவை எல்.ஜி.பாலகிருஷ்ணன் கம்பெனியுடையது. வண்டிக் கம்பெனியின் பெயரில் வரும் பெட்டியையும் வாங்கலாம். எதுவானாலும் கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டின் மேல் பல் எண்ணிக்கை குத்தியிருக்க வேண்டும், அது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பல் வெட்டிய விளிம்பு சீராக இருக்க வேண்டும். செயினின் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஒவ்வொரு மூட்டும் தானாக நேராக வேண்டும். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணியான செயின் லாக்கும் அதன் கிளிப்பும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உதிரியாக இன்னொரு லாக் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். வழியில் லாக் போனால் அதுதான் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

கடைக்காரர் சில சமயம் முன்னால் ஒரு பல் குறைத்துப் போட்டால் பிக்கப் நன்றாக இருக்கும் என்பார். இருக்கும். 14-க்குப் பதில் 13 போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும். பெட்ரோலும் அதற்கேற்ப போகும். கம்பெனி கொடுத்த பல் எண்ணிக்கையையே போடுங்கள் என்பது என் கருத்து.

ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின், கிளிப் இல்லாமல் ரிவெட் அடித்து மூடும் லாக்கோடு வந்தால் அதற்குத் தனிக் கருவி வேண்டும். அது கையில் இல்லாதவர்கள் லாக்கை மட்டுமாவது மெக்கானிக்கிடம் ரிவெட் அடித்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டிச் சரிக்கட்டக் கூடாது.

கழற்றுவது

வேண்டிய கருவிகள்: 10, 12, 14, 17, 19, 24 அளவுகளில் ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ, நோஸ் பிளையர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், சின்ன உளி, பழைய பல் தேய்க்கும் பிரஷ், மண்ணெண்ணெய், கந்தல் துணி, கிரீஸ். நட்டைச் சொன்ன அளவுக்குச் சரியாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருந்தால் ரொம்ப நல்லது. வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் பின்பக்கம் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து, செங்கல் முட்டுக் கொடுத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். மணல் இல்லாத, சமமான தரையில் ஒரு பழைய பேனரை விரித்துக்கொண்டால் விழும் வாஷர் கண்ணில் படும்.

சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். வண்டியின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஆக்சிலுக்கு, அதாவது சக்கரத்தின் அச்சுக்கு, இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பேசர், வாஷர் வரிசையை. அப்புறம் செயின் கார்டு, முன் ஸ்ப்ராக்கெட் கவர் இரண்டையும் கழற்றுங்கள். சில வண்டிகளில் கவரை எடுக்க கியர் லீவரையும் உருவ வேண்டியிருக்கும். லீவரும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு உருவினால் திரும்ப அதே கோணத்தில் மாட்டலாம்.

கவருக்குள் கறுப்பாக, களி போல் கெட்டித்துப்போன பழைய கிரீஸும் மண்ணும் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டைச் சுற்றிப் புதுசாக ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அதை மாற்ற இதைவிட வசதியான சமயம் கிடைக்காது.

இப்போது வரிசை ரொம்ப முக்கியம். செயின் மாட்டியிருக்கும்போதே இறுக்கமான நட்டுகளை எல்லாம் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். செயினைக் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

முன் ஸ்ப்ராக்கெட் இரண்டு விதமாக மாட்டப்பட்டிருக்கும். ஒன்று, மெல்லிய லாக் பிளேட்டும் இரண்டு சின்ன போல்ட்டும். போல்ட்டை எடுத்துவிட்டுப் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பினால் ஷாஃப்டின் காடியில் விழுந்து வெளியே வந்துவிடும். இன்னொன்று, பெரிய நட்டும் மடக்கிய லாக் வாஷரும். வாஷரின் மடிப்பை உளியால் மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள். வண்டியை முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்க, நீங்கள் பாக்ஸ் ஸ்பேனரில் நீளமான கைப்பிடி போட்டுத் திருப்புங்கள். வராவிட்டால் துரு எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். நட்டின் மூலையில் உளி வைத்து அடிக்கவே கூடாது. அந்த அடி முழுக்க கியர் பாக்ஸ் பேரிங்குக்குப் போகும்.

அடுத்து பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகள். அவற்றிலும் மடக்கிய தகடு இருந்தால் நிமிர்த்திவிட்டு, அதே மாதிரி பிரேக் மிதித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தளர்த்துங்கள். இது முடிந்த பிறகுதான் ஆக்சில் நட்டு. அதில் ஸ்பிளிட் பின் இருந்தால் உருவி எடுத்துத் தூரப் போடுங்கள். புதுசு சில ரூபாய்க்குக் கிடைக்கும், பழையதைத் திரும்ப மாட்டக் கூடாது. செயின் அட்ஜஸ்டர் இரண்டையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயின் தொங்கிவிடும். வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைச் சுற்றி லாக்கைப் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் மேல் கொண்டுவாருங்கள். கிளிப்பின் திறந்த முனைக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவில் நோஸ் பிளையரை வைத்து அழுத்தினால் கிளிப் நழுவும். பாதுகாப்புக் கண்ணாடியோ மூக்குக் கண்ணாடியோ போட்டுக்கொள்ளுங்கள், அது தெறிக்கும்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் பிரேக் ராடின் நட்டையும் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்டாப்பர் ராடையும் கழற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் பிரேக் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, டிஸ்க் திரும்ப உள்ளே போகாது.

மாட்டுவது

சக்கரம் கையில் இருக்கும்போது ஸ்ப்ராக்கெட் தாங்கியை உருவி, உள்ளே இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். டிரம் ரப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். நாம் ஆக்சிலேட்டரைத் திருகும்போது வரும் வெட்டை வாங்கிக்கொள்வது இதுதான். தாங்கியைக் கையால் இடமும் வலமும் திருப்பினால் தாராளமாக ஆடுகிறதா? ரப்பர் நசுங்கிவிட்டது, மாற்றுங்கள். புது செயின் போட்டும் டக் டக்கென்று சத்தம் போகவில்லை என்கிறவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ரப்பரைத்தான். அப்படியே பேரிங்கின் உள் வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் அதற்கும் காலம் வந்துவிட்டது.

புது ஸ்ப்ராக்கெட் உட்காரும் பரப்பைச் சுத்தமாகத் துடையுங்கள். ஒரு பொடி மணல் நடுவில் மாட்டினாலும் ஸ்ப்ராக்கெட் சாய்ந்து ஓடும். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, புத்தகத்தில் போட்ட அளவுக்கு டார்க் வைத்து, லாக் தகட்டை நட்டின் தட்டைப் பக்கத்தோடு ஒட்டி மடக்குங்கள். மடக்காமல் விட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும்.

சக்கரத்தை உள்ளே ஏற்றி, ஆக்சிலைச் சொருகி, நட்டைக் கையால் மட்டும் போடுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டையும் ஷாஃப்டில் ஏற்றி நட்டைக் கையோடு விடுங்கள். இப்போது புது செயின். அதன் மேல் பிசுபிசுவென்று கம்பெனி கிரீஸ் இருக்கும். அதைக் கழுவாதீர்கள். நாம் ஊற்றும் எந்த எண்ணெயும் போகாத இடத்துக்குள் அது போயிருக்கிறது. செயினை முன் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி, இரண்டு முனைகளையும் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பின் விளிம்பில் அடுத்தடுத்த பல்லில் உட்கார வையுங்கள். பல்லே முனைகளைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு கையும் சும்மா இருக்கும்.

லாக்கை உள் பக்கத்திலிருந்து செருகுங்கள். ஓ-ரிங் செயின் என்றால் லாக்கின் பின்களில் ரப்பர் வளையம் போட மறக்கக் கூடாது, நான்கு இருக்கும். வெளித் தகட்டை வைத்து, பின்னின் காடி முழுசாகத் தெரியும் வரை அழுத்துங்கள். இனி கிளிப். அதற்கு ஒரு மூடிய பக்கமும் ஒரு திறந்த பக்கமும் இருக்கின்றன. மூடிய பக்கம்தான் செயின் ஓடும் திசையில் முன்னால் போக வேண்டும். சக்கரத்தின் பின் விளிம்பில் செயின் மேல்நோக்கி ஓடும். அதனால் அங்கே மூடிய பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். அதே லாக் மேல் வரிசைக்கு வந்ததும் எஞ்சினைப் பார்க்கும், கீழ் வரிசையில் பின்னால் பார்க்கும். மாற்றிப் போட்டால், கல்லோ கம்பியோ உரசும்போது திறந்த வாய் வழியாகக் கிளிப் தள்ளப்பட்டு விழுந்துவிடும். பிளையரால் தள்ளியதும் டக்கென்று உட்காரும். உட்கார்ந்த பிறகு நகத்தால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பின்னின் காடியிலும் ஏறியிருந்தால் அசையாது.

செயின் மாட்டியாகிவிட்டது, இப்போது முன் நட்டை டார்க் வைக்கலாம். டிரம் பிரேக் என்றால் கழற்றிய இரண்டு ராடையும் முதலில் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு முன்போலவே கியர், பின் பிரேக், ஒருவர் மிதிக்க ஒருவர் இறுக்க. ஆக்சில் நட்டு இன்னும் கையால் போட்ட அளவிலேயே இருந்தால் அதைத் தற்காலிகமாக இறுக்கிக்கொண்டு இதைச் செய்யுங்கள். பிறகு லாக் வாஷரை மடக்குங்கள்.

தொய்வு வைப்பது

வேலையிலேயே கவனமாகச் செய்ய வேண்டியது இதுதான். நிறைய செயின்கள் சாலையில் தேய்வதில்லை, அளவுக்கு மீறி இறுக்கியதால் தேய்கின்றன.

"டைட்டா வெச்சாதானே மாமா வண்டி நல்லா இழுக்கும்?" என்று அக்கா மகனும் கேட்டான். அவனை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன், சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி. உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கி, கீழ் வரிசையில் இருந்த தொய்வு அவன் கண் முன்னாலேயே குறைந்தது. என்ன நடக்கிறது என்றால், பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் மூட்டு ஒரு இடத்தில், முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம் அதற்குக் கொஞ்சம் முன்னால், பின் ஆக்சில் பின்னால். சக்கரம் மேலே கீழே ஆடும்போது இந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நொடியில் ஆக்சிலுக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம்தான் மிக அதிகம். ஆளும் சாப்பாட்டுப் பையும் ஏறி, ஸ்பீட் பிரேக்கரில் வண்டி அமுங்கும்போது செயின் அந்த நிலைக்கு வரும். ஸ்டாண்டில் நிற்கும்போதே கம்பி மாதிரி இறுக்கி வைத்திருந்தால் அப்போது நீள இடமில்லாமல் பின்னையும், சக்கர பேரிங்கையும், முன் ஷாஃப்டின் பேரிங்கையும் சேர்த்து இழுக்கும். கடைசியில் சொன்ன பேரிங்கை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

எவ்வளவு தொய்வு என்பது ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இருக்கும். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 20 முதல் 35 மி.மீ.க்குள் வரும். சைடு ஸ்டாண்டா, சென்டர் ஸ்டாண்டா, எப்படி நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் அதிலேயே பாருங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ் வரிசையில் ஸ்கேலை நிறுத்தி, செயினைக் கீழே இழுத்து ஒரு அளவு, மேலே தள்ளி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பல இடங்களில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அங்கே இந்த அளவு வரும்படி வையுங்கள்.

அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்கள். இடது கால் சுற்று என்றால் வலதும் கால் சுற்று. ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். கோட்டை மட்டும் நம்பாமல், பின்னால் குனிந்து, பெரிய ஸ்ப்ராக்கெட்டின் மேலிருந்து செயின் வரிசையை ஒரு கண்ணால் நேராகப் பாருங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு இறங்கும் இடத்தில் இடதோ வலதோ வளைந்தால் சக்கரம் கோணலாக இருக்கிறது. நேரானதும் ஆக்சில் நட்டை டார்க் வைத்து, புது ஸ்பிளிட் பின் போட்டு, தொய்வைத் திரும்ப ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஆக்சிலை இறுக்கும்போது தொய்வு கொஞ்சம் மாறும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் வண்டியை மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய் ஆக்சில் நட்டை மட்டும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் பின் பிரேக். சக்கரம் முன்னால் பின்னால் நகர்ந்திருப்பதால் டிரம் பிரேக்கில் பெடல் ஆட்டம் மாறியிருக்கும். ஸ்டாப்பர் ராடு இறுகியிருக்கிறதா, பெடல் மிதித்தால் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துவிட்டு, தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

முதல் நூறு, இருநூறு கிலோமீட்டரில் புது செயின் கொஞ்சம் தளரும். அது இயல்புதான், மறுபடி ஒரு தடவை தொய்வைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு நாளும், செயினைத் துடைத்து 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ கீழ் வரிசையின் உள் பக்கமாகப் போடுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவினால் ரப்பர் கெட்டுவிடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு செயினைத் துடைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். துணியை இழுத்தால் விரலும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும், துண்டாகித்தான் வெளியே வரும். வீட்டில் யார் இப்படிச் செய்தாலும் சாவியைப் பிடுங்கிவிடுங்கள்.

மாற்றிய தேதியையும் மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டரையும் பெட்டியின் அட்டையில் எழுதி வண்டிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் இந்த கிட் எவ்வளவு தாங்கியது என்பது அடுத்த தடவை தெரியும். ஒழுங்காக எண்ணெய் போட்டால் 15,000-லிருந்து 25,000 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். அழுக்கு மண்ணெண்ணெயை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய செயினில் ஒரு முழம் வெட்டி ஒரு இரும்புப் பட்டையில் போல்ட் போட்டுப் பொருத்தினால், பிரேக் மிதிக்க ஆள் இல்லாத நாளில் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த அது உதவும். மீதியும் பழைய ஸ்ப்ராக்கெட்டுகளும் இரும்புக் கடைக்கு.